இடக்கையில் ஒரு கொடை

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்து வழக்கம் ஒன்று சிந்தனைக்கு உரியது. கடலடியிலிருந்து அள்ளி வந்த சிப்பிகளை வாய் திறவாத நிலையிலேயே கரையில் குவித்து வைப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் கூறப்படும். வணிகர் தம் அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பி விலை கேட்பார்கள். வாங்கிய குவியலில் ஆணிமுத்து இருந்தால் அவர்கள் பாடு யோகம். ஒன்றும் இல்லையேல் கையில் மிஞ்சுவது வெறும் ஓடு. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடிக் கரையில் அத்தகைய முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் மூடிய சிப்பிக்கு விலை கூறும் வழக்கம் உலகை விட்டு மறைந்துவிடவில்லை. இன்று விலை கூறப்படுபவை பிள்ளைகளின் கைகள்!

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் பெரும் செல்வாக்குடையது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் இடக்கையால் விரைவாகப் பந்தெறிகிறான் என்ற செய்தி பரவினால் போதும்; அவனுடைய பள்ளி மைதானத்தைத் தேடிப் பெரிய கழகங்களின் ஆட்கள் வந்து குழுமிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஸ்கவுட் என்று பெயர். நம் பள்ளிகளில் சீருடை அணிந்து அணிவகுக்கும் சாரணர் அல்லர் இவர்கள். திறமையைத் தேடி ஊர் ஊராய் அலைபவர்கள்.

எங்கோ ஒரு நாட்டின் விளையாட்டைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். இராமநாதபுரக் கடற்கரையில் பெரியபட்டினம் என்ற ஊர் உள்ளது. முன்னொரு காலத்தில் சீனம் வரை வணிகம் நடத்திய துறைமுகம் அது. அங்கே அகழ்ந்தபோது கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளே அதற்குச் சான்று. அந்தக் கரையில் வலை உலர்த்தும் மணலில் மாலைதோறும் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அவர்களுள் ஒருவன் இடக்கையால் எறிபவனாக இருக்கலாம். அவன் உங்கள் மகனாகவும் இருக்கலாம். நாளை ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டி, “இவனை என்னோடு அனுப்புங்கள்” என்று கேட்டால் நாம் என்ன மறுமொழி கூறுவது? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

இடக்கைக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நம் இல்லங்களில் இடக்கைப் பழக்கமுள்ள குழந்தை படும் பாட்டை நாம் அறிவோம். நொட்டாங்கை, பீச்சாங்கை என்று இளக்காரமாய்ச் சொல்லி, பென்சிலைப் பிடுங்கி வலக்கையில் திணிக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. உணவு உண்பதற்கும், பெரியோரிடம் ஒன்றைக் கொடுத்து வாங்குவதற்கும் வலக்கையைப் பழக்குவது நம் மரபு, அதில் தவறில்லை. ஆனால் எழுதவும் எறியவும் இயல்பாக எழும் கையை அடித்துத் திருத்துவது குழந்தையின் உள்ளத்தைக் காயப்படுத்துமே அன்றி வேறு பயன் தராது.

விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலைப் படிப்போர், பென்யமின் குலத்தைச் சேர்ந்த எழுநூறு இடக்கை வீரர்களை அங்கே காண்பர். ஒரு மயிரிழையைக் குறியாக வைத்தாலும் தப்பாமல் கவண் கல் எறியக்கூடியவர்கள் என்று அந்நூல் அவர்களைச் சிறப்பிக்கிறது. இடக்கை எறிவின் ஆற்றலை மனிதர் கண்டுகொண்டது இன்று நேற்றன்று என்பது இதனால் விளங்கும்.

பேஸ்பாலில் பந்தெறிபவரைப் பிட்சர் என்பர். சிறு மேடொன்றின் மீது நின்று, 60 அடி 6 அங்குல தூரத்தில், அதாவது ஏறத்தாழ பதினெட்டரை மீட்டர் தொலைவில் நிற்கும் மட்டைக்காரரை நோக்கி அவர் பந்தை எறிவார். கிரிக்கெட்டைப் போல் ஓடி வந்து, முழங்கை மடங்காமல் வீசி, பந்தைத் தரையில் குத்தச் செய்வதில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை மடக்கி, ஈட்டி எறிவதுபோல் நேரே எறிய வேண்டும். தேர்ந்தவரின் பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மட்டைக்காரரைக் கடந்துவிடும்.

உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே இடக்கைப் பழக்கமுடையவர். ஆனால் அமெரிக்காவின் முதல் நிலைக் கழகங்களில் பந்தெறிபவர்களுள் சுமார் நான்கில் ஒருவர் இடக்கைக்காரர். இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, அரிதாக எதிர்ப்படும் கோணத்திலிருந்து வரும் பந்துக்கு மட்டைக்காரரின் கண் எளிதில் பழகுவதில்லை. இரண்டாவது, இடக்கை மட்டைக்காரருக்கு இடக்கைப் பந்து விலகி வளைந்து செல்வதால், அதை அடிப்பது அவருக்குப் பெரும்பாடு. மூன்றாவது, இடக்கைப் பிட்சர் எறிய நிற்கும்போதே அவர் முகம் முதல் தளத்தை நோக்கியிருக்கும். அங்கு நிற்கும் எதிரணி ஓட்டக்காரர் அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அடுத்த தளத்துக்கு ஓடிவிட முடியாது. வீட்டில் குறை என்று ஏசப்பட்ட கை, மைதானத்தில் இவ்வாறு நிறையாகிறது.

தேடுவோர் காண்பது என்ன?

திறன் தேடி வருபவரின் கையில் வேகம் அளக்கும் கருவி இருக்கும். பந்து மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் சென்றது என்பதை அது நொடியில் காட்டிவிடும். ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவது அவர்களுடைய மரபு. 50 என்றால் முதல் நிலைக் கழக ஆட்டக்காரரின் நடுத்தரம். வேகப்பந்துக்கு ஒரு மதிப்பெண், வளைபந்துக்கு ஒன்று, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்துக்கு ஒன்று, குறி தவறாமைக்கு ஒன்று என எழுதிக்கொள்வார்கள். இன்றுள்ள நிலைக்கு ஒரு மதிப்பெண்ணும், வருங்காலத்தில் எட்டக்கூடிய நிலைக்கு மற்றொன்றும் இடுவார்கள். இந்த இரண்டாம் மதிப்பெண்தான் மூடிய சிப்பிக்குக் கூறும் விலை.

கருவி காட்டாத பலவற்றையும் தேர்ந்த கண் கவனிக்கும். கை தடங்கலின்றிச் சுழல்கிறதா? ஒவ்வொரு பந்தும் ஒரே வகையாய்க் கையைவிட்டு நீங்குகிறதா? உடல் இன்னும் வளருமா? தோழன் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் இவன் முகம் சுளிக்கிறானா, தேற்றுகிறானா? அடுத்தடுத்து அடி வாங்கினால் துவள்கிறானா, நிமிர்கிறானா? ஈசாயின் புதல்வர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சென்ற சாமுவேல், மூத்தவனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு இவனே என எண்ணியதும், ஆண்டவர் அவரைத் திருத்தி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளைய பிள்ளையைக் காட்டியதும் நாம் அறிந்த வரலாறு. அளக்கக்கூடியதைக் கண்டு மயங்கி, அளக்க முடியாததைத் தவறவிடுவது பெரியோர்க்கும் நேரும் பிழையே.

சாண்டி கூஃபக்ஸ் என்ற இடக்கை வீரரின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த யூத இளைஞரான இவர், முதலில் நாட்டம் கொண்டது கூடைப்பந்தில். டாட்ஜர்ஸ் கழகத்தின் ஆல் கம்பானிஸ் இவர் எறிவதைக் கண்டார். தம் வாழ்நாளில் இருமுறைதான் தமக்கு மெய்சிலிர்த்தது என்றும், முதலாவது உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரை ஓவியங்களைக் கண்டபோது, இரண்டாவது கூஃபக்ஸ் பந்தெறியக் கண்டபோது என்றும் கம்பானிஸ் கூறியதாகச் சொல்வர். 1954 டிசம்பரில் அக்கழகம் கூஃபக்ஸைச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவர் வயது பத்தொன்பதை எட்டவில்லை.

ஆனால் நடந்தது என்ன? முதல் ஆறு ஆண்டுகளில் 36 வெற்றி, 40 தோல்வி! பெருந்தொகை கொடுத்துச் சேர்க்கப்பட்டவரை இரண்டு ஆண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அக்கால விதி. ஆகவே சிறிய அணிகளில் ஆடிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. வேகம் இருந்தது, குறி இல்லை. 1961-இல் அவருடைய பந்துகளைப் பிடிக்கும் சக வீரர் நார்ம் ஷெரி, முழு வலுவையும் செலுத்தாமல் சற்றுத் தளர்த்தி எறியுமாறு அறிவுரை கூறினார். அதன்பின் 1966 வரை 129 வெற்றி, 47 தோல்வி மட்டுமே. ஒரு தோழனின் அன்பான சொல்லும் ஆறாண்டுப் பொறுமையும் சேர்ந்து, சிதறிக் கிடந்த ஆற்றலைச் சீராக்கின.

இன்னொன்றையும் கூறாமல் விடலாகாது. 1965 அக்டோபர் 6-ஆம் நாள் ஆண்டின் மாபெரும் இறுதித் தொடரின் முதல் ஆட்டம். அன்று யூதரின் பாவப்பரிகாரப் பெருநாள். நாடே காத்திருக்க, கூஃபக்ஸ் அன்று பந்தெறிய மறுத்துவிட்டார். பின்னர் அத்தொடரின் ஐந்தாவது, ஏழாவது ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் தராமல் வென்று கோப்பையைப் பெற்றுத் தந்தார். கைக்கு விலை கூறியவர்களால் அவருடைய மனச்சான்றுக்கு விலை கூற முடியவில்லை.

நண்டுக் கரையில் ஒரு பிள்ளை

இனி நம் கரையோர மக்களின் நெஞ்சைத் தொடக்கூடிய ஒரு வரலாறு. வட கரோலினா மாநிலத்தில் போஃபர்ட் என்று ஒரு கடலோர ஊர். அங்கே பிரையன் டெய்லர் என்ற கறுப்பின இளைஞர் வளர்ந்தார். தந்தை கொத்து வேலை செய்பவர். தாய் நண்டுச் சதை பிரித்தெடுக்கும் வேலை செய்பவர். இராமநாதபுரக் கரையிலும் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் பலர் உண்டு. அந்த வேலையில் விரல் நுனிகள் படும் பாட்டை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

டெய்லர் பள்ளியின் இறுதி ஆண்டில் 88 இன்னிங்ஸில் 213 பேரை அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அவருடைய இடக்கையிலிருந்து புறப்பட்ட பந்து மணிக்கு 99 மைல், அதாவது சுமார் 159 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 1991-ஆம் ஆண்டு நாடு தழுவிய தேர்வில் நியூயார்க் யாங்கீஸ் கழகம் அவரை முதலாமவராகத் தேர்ந்தெடுத்தது. கழகம் முதலில் குறைந்த தொகையே கூறியது. தாய் அசையவில்லை, என் மகன் கல்லூரிக்குச் செல்வான் என்று உறுதியாய் நின்றார். முடிவில் 15 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் தர அவர்கள் இசைந்தனர். பள்ளிப் பிள்ளை ஒருவனுக்கு அதுவரை எவரும் கேட்டிராத தொகை அது.

இரண்டு ஆண்டுகள் அவர் நன்றாகவே வளர்ந்தார். 1993 டிசம்பரில் ஓர் இரவு, தம் சகோதரருக்கு நேர்ந்த சண்டையில் தலையிடச் சென்றவர் விழுந்து இடது தோளைச் சிதைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் பழைய வேகமும் குறியும் திரும்பவே இல்லை. 1998-இல் கழகம் அவரை விடுவித்தது. முதல் நிலை அணிக்காக ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறங்கியதில்லை. பின்னர் ஊர் திரும்பிக் கூலி வேலைகள் செய்தார். 2012-இல் போதைப்பொருள் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

அவரைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. தோளை அளந்தவர்கள் அநேகர். அந்தத் தோள் இல்லாமற்போனால் இந்தப் பிள்ளை என்ன செய்வான் என்று எண்ணியவர் எத்தனை பேர்? விலையைப் பற்றித் தாய் வாதாடியது சரியே; ஏழையின் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்பது பேராசையாகாது. ஆயினும் உரிய விலை கிடைத்துவிட்டால் வாழ்க்கை பாதுகாப்பாகிவிடும் என்று நாம் நம்பினால் ஏமாந்து போவோம்.

பந்தையே கண்டிராத இந்தியர்

நம் நாட்டிலும் இடக்கைப் பிட்சர் ஒருவரைத் தேடிக் கண்டெடுத்தார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அமெரிக்க முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்பவர், கிரிக்கெட் ஆடும் கோடிக்கணக்கான இளைஞரிடையே நல்ல பிட்சர் கிடைப்பார் என்று எண்ணினார். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில் 2008-இல் நம் நாட்டில் போட்டி நடத்தப்பட்டது. 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்து பார்த்தனர். வென்றவர் உத்தரப் பிரதேசத்தின் பதோகிப் பகுதியைச் சேர்ந்த ரிங்கு சிங். இதே பெயருடைய கிரிக்கெட் வீரர் வேறு, இவர் வேறு. தந்தை லாரி ஓட்டுநர்; உடன்பிறந்தோர் பலர்; குடியிருப்போ ஒரே அறை. ரிங்கு கிரிக்கெட் வீரரும் அல்லர். ஈட்டி எறியப் பயின்றவர். கிரிக்கெட் வீரரைத் தேடி வந்தவர்கள் ஈட்டி வீரரைக் கண்டடைந்தார்கள்! கையை மடக்கி எறிவதில் ஈட்டிக்கும் பேஸ்பாலுக்கும் உள்ள நெருக்கம் அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது.

ரிங்குவின் பந்து மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஓர் இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. போட்டியில் சிறந்து விளங்கிய மற்றொரு ஈட்டி வீரரான தினேஷ் பட்டேலும் அவரும் அமெரிக்கா சென்று, டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் பந்தெறியவும், அதனோடு ஆங்கிலம் பேசவும் கற்றனர். 2008 நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர் இவர்களே.

ரிங்கு பிறந்த அதே 1988-இல் அமெரிக்காவில் பிறந்தவர் கிளேட்டன் கெர்ஷா. அவரும் இடக்கைக்காரர். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, தம் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களுள் ஒருவராய்ப் புகழ் பெற்றார். கெர்ஷா முதல் நிலை ஆட்டத்தில் அடியெடுத்து வைத்த ஆண்டில்தான் ரிங்கு பேஸ்பால் பந்தை முதன்முதலாகக் கையில் பிடித்தார். சிறுவயது முதல் பெற்ற பயிற்சியை ஓரிரு ஆண்டில் ஈடுசெய்ய இயலுமா? ஆயினும் ரிங்கு சளைக்கவில்லை. 2009 முதல் கீழ்நிலை அணிகளில் ஆடிப் படிப்படியாய் முன்னேறினார். 2012-இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்களில் பந்தெறிந்தார். பின்னர்க் கைக்காயமும் அறுவை சிகிச்சையும் அவரைத் தடுத்துவிட்டன. முதல் நிலையை அவர் எட்டவில்லை. 2018-இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். தினேஷை 2010-லேயே கழகம் விடுவித்துவிட்டது. அவர் தாயகம் திரும்பினார்.

இந்த வரலாறு 2014-இல் திரைப்படமாயிற்று. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான். ஒப்பந்தம் கிடைக்கும் மகிழ்ச்சியோடு திரைக்கதை நிறைவடைகிறது. வாழ்க்கையோ அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991-இல் பிறந்தவர் த. நடராஜன். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரம் கடை வைத்துத் தின்பண்டம் விற்றவர். நடராஜன் இடக்கையால் டென்னிஸ் பந்தை வீசி ஊர் ஊராய்ச் சென்று ஆடிக்கொண்டிருந்தார். அவருக்குள் இருந்த ஆற்றலைக் கண்டுகொண்டவர் பெரிய கழகத்தின் ஆள் அல்லர். அதே ஊரைச் சேர்ந்த ஜெயபிரகாஷ். வேகம் அளக்கும் கருவி அவரிடம் இல்லை. ஆனால் அவர் கண்டுகொண்டதோடு நிற்கவில்லை. சென்னைக்கு அழைத்துச் சென்று, கழக ஆட்டங்களில் சேர வழிகாட்டி, துவண்டபோதெல்லாம் துணை நின்றார்.

துவளும் நாளும் வந்தது. 2015 சனவரியில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடிய நடராஜனின் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. அத்தோடு முடிந்தது கதை என்று எண்ணியவர் பலர். அவரோ பந்துவீசும் முறையை அடிப்படையிலிருந்து மாற்றிக் கற்றார். 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டியில் மட்டைக்காரரின் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் மீண்டும் கண்ணில் பட்டார். 2017-இல் 3 கோடி ரூபாய்க்குப் பஞ்சாப் அணியால் ஏலம் எடுக்கப்பட்டார். 2020 டிசம்பரிலும் 2021 சனவரியிலும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். ஒரே பயணத்தில் இம்மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. பிரிஸ்பேனில் இந்தியா பெற்ற வெற்றிக்குப் பின் அணித்தலைவர் ரகானே கோப்பையை அவர் கையில் கொடுத்து மகிழ்ந்த காட்சியை மறக்க இயலுமா?

நடராஜன் தம் சட்டையில் ‘ஜே. பி. நட்டு’ என எழுதி அணிந்தார். ஜே. பி. என்பது ஜெயபிரகாஷின் பெயர்ச் சுருக்கம். தம் ஊரிலேயே பிள்ளைகளுக்காகப் பயிற்சிக்கூடமும் மைதானமும் அமைத்தார். தாம் பெற்றதைத் திருப்பித் தரும் நெஞ்சம் அது.

போஃபர்ட் இளைஞருக்கும் சின்னப்பம்பட்டி இளைஞருக்கும் ஆற்றலில் குறைவில்லை, வறுமையிலும் வேற்றுமையில்லை. காயத்தின் கொடுமை ஒருவருக்கு அதிகம் என்பதும் உண்மையே. ஆனால் ஒருவரைக் கண்டுகொண்டவர்கள் வாங்க வந்தவர்கள்; மற்றவரைக் கண்டுகொண்டவர் வளர்க்க வந்தவர். வழி அடைபட்ட வேளையில் இந்த வேறுபாடு வெளிப்பட்டது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையின் கை இரும்பன்று. முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார், ஓயாது எறிவதால் நாளடைவில் நைந்து அறுந்துபோகக்கூடும். 1974-இல் டாமி ஜான் என்ற இடக்கைப் பிட்சருக்கு இவ்வாறு அறுந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். இடக்கைக்கு வலக்கை உதவியது! 1976-இல் மீண்டும் மைதானம் கண்ட அவர் 1989 வரை ஆடினார். இன்று அந்தச் சிகிச்சை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. ஆகவே வருமுன் காப்பதே அறிவுடைமை. பதினேழு, பதினெட்டு வயதினர் ஒரே நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்றும், 81-ஓ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்றும் அமெரிக்க பேஸ்பால் அமைப்புகள் 2014-இல் நெறி வகுத்தன. விளையாட்டு எதுவாயினும், வளரும் உடலுக்கு எல்லை உண்டு என்ற உண்மை பொதுவானது.

எனவே உங்கள் பிள்ளையைத் தேடி ஒருவர் வந்தால் மகிழுங்கள், ஆனால் மயங்காதீர்கள். நான்கு கேள்விகளை அமைதியாகக் கேளுங்கள். இவனுக்குக் கற்பிக்கப் போகிறவர் யார், அவரிடம் முன்பு பயின்றவர்கள் இன்று எந்நிலையில் இருக்கிறார்கள்? ஒரு நாளில் எவ்வளவு எறியச் சொல்வீர்கள், காயம் நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இவனுடைய பள்ளிப் படிப்பு எவ்வாறு தொடரும்? இவன் எதிர்பார்த்த உயரத்தை எட்டாவிட்டால் எந்த வழியாக வீடு திரும்புவான்? இவற்றுக்கு நேரான விடை சொல்லாமல், இன்றே கையெழுத்திடுங்கள், இன்றே பணம் கட்டுங்கள் என்று அவசரப்படுத்துவோரை நம்ப வேண்டாம். எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன், விவரம் அறிந்த ஆசிரியரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிப் படித்துப் பாருங்கள்.

பிள்ளையிடமும் ஒன்றைக் கேளுங்கள்: “உனக்கு இதில் மகிழ்ச்சி உண்டா?” வீட்டுக் கடனை அடைக்கும் பொறுப்பைப் பதினைந்து வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, அந்தத் தோள் நன்றாய்ச் சுழலவில்லையே என்று வருந்திப் பயனில்லை. தோற்றாலும் இந்த வீட்டில் உனக்கு இடமுண்டு, உன் தட்டில் சோறுண்டு என்பது அவனுக்கு ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உறுதியே அவன் கைக்குப் பெரிய வலிமை.

சிப்பி ஏலத்தில் முத்தில்லாத ஓடு கரையில் எறியப்படும். பிள்ளைகள் அப்படி எறியப்படலாகாது. ஏனெனில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது ஒரு கை மட்டுமன்று. ஒரு முழு மனிதன். பெரியபட்டினத்து மணலில் இன்று மாலையும் யாரோ ஒரு சிறுவன் இடக்கையால் பந்தை எறிவான். அவனை ஏசாமல், விலை பேசாமல், சற்று நின்று பார்ப்போம். அவனுக்குள் இருப்பது முத்தாயினும், முத்தல்லாவிடினும் அவன் நம் பிள்ளையே.